பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் ஒரு வீடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. 'அகலக்கோண ஜூம் லென்ஸ் வாங்குவது எப்படி?' என்று அறுநூறு சொற்களில் ஒரு கட்டுரை கேட்டார்கள். கேட்டவர் ஓர் இணைய இதழின் ஆசிரியர். எனக்குக் கேமராவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதுதான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு. வீடு வாடகைக்கு விடும் இணையதளம் ஒன்றில் விளம்பர வாசகம் எழுதுகிறேன். 'விசாலமான ஹால், காற்றோட்டமான அறை' என்று எங்காவது படித்திருந்தால் அதை எழுதியவன் அநேகமாக நான்தான். அந்த ஹால்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

என் தங்கை பார்த்திருக்கிறாள். அதே நிறுவனத்துக்கு வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பவள் அவள். அந்த வாரக் கடைசியில் அவள் நிஜமாகவே ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் கட்டுரை தானாக வந்துவிடும் என்று கிளம்பிப் போனேன். வந்தது கட்டுரை இல்லை. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். நான் எடுக்கவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "சன்னல் வழியாக விழுந்த இளவெயிலில் அவள் லென்ஸைத் தூக்கிப் பிடித்தாள். அந்தக் கண்ணாடிக்குள் உலகமே ஒரு துளியாக

[இங்கேயே நிறுத்திவிட்டேன். அந்த வீட்டில் இளவெயில் விழும் சன்னல் கிடையாது. இருக்கிற ஒரே சன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். உலகம் துளியாவதும் எனக்கே கொஞ்சம் அதிகமாகப்பட்டது.]

தொடக்கம் இரண்டு: "என் மச்சான் ஒரு புகைப்படக்காரர். மீசையை முறுக்கியபடி

[தங்கை இதைப் படித்தாள். "நான் என்ன தப்பு பண்ணேன், என்னை ஆம்பளையாக்கிட்ட?" என்றாள். "உன்னை யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான்" என்றேன். "அலமாரிக்குள்ள நின்னு படம் எடுக்கற ஆள் நம்ம ஆபீஸ்ல நான் ஒருத்திதான். மீசை வச்சாலும் தெரிஞ்சுடும்."]

தொடக்கம் மூன்று: "வெள்ளிக்கிழமை காலை அவளுடைய போனுக்கு அடுத்த வேலை வந்தது. படம் எடுக்க வேண்டிய வீட்டின் முகவரி, அவளுடைய முகவரி."

[இது பரவாயில்லை. ஆனால் இதை எழுதினால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். அதைத் தள்ளிப்போடத்தான் முதல் இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.]

3

சொல்லிவிடுகிறேன். தங்கையும் அப்பாவும் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, ஒருவர் உள்ளே போனால் வாளி வெளியே வந்துவிட வேண்டிய ஒரு குளியலறை. அம்மா போனதிலிருந்து ஐந்து வருஷமாக அங்கேதான். (தங்கைக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கும் வாசகர்கள் தயவுசெய்து வேறு கதைக்குப் போகவும். இதில் லென்ஸ் மட்டும்தான்.) போன மாதம் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிக் கேட்டார். தங்கை கட்டுப்படியாகாது என்றாள். அவர் கோபப்படவில்லை. "சரிம்மா, அப்ப நான் வேற ஆள் பாத்துக்கறேன். ஆள் கிடைக்கற வரைக்கும் நீங்க பாட்டுக்கு இருங்க" என்றார். ரொம்ப நல்ல மனிதர். ஆள் பிடித்துத் தரும் வேலையை எங்கள் நிறுவனத்திடமே கொடுத்தார்.

ஆக, தங்கை தன் வீட்டைத் தானே படம் எடுக்க வேண்டும். நான் அதற்கு வாசகம் எழுத வேண்டும். படம் நன்றாக வந்தால் ஒரே வாரத்தில் ஆள் வந்துவிடும், அப்பாவும் அவளும் பெட்டி கட்ட வேண்டியதுதான். படம் சகிக்கவில்லை என்றால் ஆறு மாதம் ஓட்டலாம்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் நல்ல லென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. மேலாளர் கட்டளை. அவருக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் விசாலம். ஆண்தான். அந்தச் சொல் இல்லாத விளம்பரத்தை அவர் வெளியே விட மாட்டார் என்பதால் வந்த பெயர். எந்தப் படத்திலும் அறையின் நான்கு மூலையும் தெரிய வேண்டும் என்பது அவர் சட்டம். "கேமராவுக்குப் பின்னாடி இருக்கற மூலை எப்படி சார் தெரியும்?" என்று தங்கை கேட்டிருக்கிறாள். "அதுக்குத்தாம்மா நல்ல லென்ஸா வாங்குன்னு சொல்றேன்" என்றாராம்.

இனி அப்பா. இவரை நான் நம்பவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் நிலத்தை அளந்துவிட்டு இப்போது முழங்கால் வலியோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அறையைப் பெரிதாகக் காட்டும் லென்ஸைப் பற்றிய கதையில் ஒரு சர்வேயர் இருந்தால், வசதிக்காக நான் ஏற்பாடு செய்துகொண்டேன் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அதனால் ஒரு வரைவில் அவரைத் தபால்காரராக மாற்றிப் பார்த்தேன். தபால்காரர் கடைசிவரை அளக்கும் டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை. கதை படுத்துவிட்டது. எனவே சர்வேயர். உண்மை என்பது சில சமயம் இப்படி நம்ப முடியாதபடி வந்து உட்கார்ந்துகொள்ளும், நாம்தான் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும்.

4

கடையில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு லென்ஸ்களைத் திங்கட்கிழமை வரை பழகிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். ஒன்று பத்து-இருபது. இன்னொன்று பதினாறு-முப்பத்தைந்து. எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. எண் குறையக் குறைய லென்ஸ் அதிகமாகப் பார்க்கும். கட்டுரைக்கு உருப்படியாக என்னிடம் சேர்ந்தது இவ்வளவுதான்.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அதுவரை அவளிடம் இருந்தது கேமராவோடு கூடவே வந்த லென்ஸ். பதினெட்டில் தொடங்கும். அதை வைத்துக்கொண்டு ஓர் அறையை முழுசாகப் பிடிக்க அவள் பின்னாலேயே போவாள். சுவர் இடித்தால் அலமாரிக்குள் போவாள். ஒரு வீட்டில் அலமாரிக் கதவு சாத்திக்கொண்டது. அந்த வீட்டுக்காரர் யாரோ திருடன் என்று கத்திவிட்டார்.

சனிக்கிழமை நான் போனபோது பதினாறு-முப்பத்தைந்து மாட்டியிருந்தது. பார்க்கவே கம்பீரமாக இருந்தது. நான் வழக்கம்போல வாசலில் சாய்ந்து நின்றேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி கேமராவின் திரையை எட்டிப் பார்த்தார்.

"சுவர் நேரா இருக்கு. நல்ல லென்ஸ். பழசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"ரெண்டு மில்லிமீட்டர்ப்பா."

"ரெண்டு மில்லிமீட்டருக்கா இந்தக் கனம்?"

"இது பெரிய கேமராவுக்குன்னு செஞ்சது. அதுல மாட்டினா இன்னும் நிறைய தெரியும். என்னோடதுல ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு நடுவுல இருக்கறதுதான் வரும். பின்னாடி பெரிய கேமரா வாங்கினா உதவும்னு கடைக்காரர் சொல்றாரு."

"பின்னாடி வரப்போற வீட்டுக்கு இப்பவே கதவு வாங்கச் சொல்றாரா" என்றார் அப்பா.

அடுத்து பத்து-இருபது. அவள் பத்தில் வைத்தாள். திரையில் அறை விலகி ஓடிப்போயிற்று. கட்டில் எங்கோ தூரத்தில் இருந்தது. ஓரத்தில் அகப்பட்ட அப்பாவின் கால், முழங்காலிலிருந்து பாதம் வரை முடியவே இல்லை.

"இது யார் வீடு?"

"நம்ம வீடுதான்ப்பா."

"நம்ம வீடு எட்டுக்குப் பத்து. இதுல பஸ்ஸே திரும்பும் போலிருக்கு." அவர் குரலில் உண்மையான கோபம் இருந்தது. "வேலியை ஒரு அடி தள்ளிப் போட்டவனையெல்லாம் தேடித் தேடிப் பிடிச்சிருக்கேன். என் வீட்டுக்குள்ளயே ஆறடி தள்ளிப் போட்டிருக்கீங்க."

அகலமான லென்ஸில் இன்னொரு தொல்லை உண்டு. எதெல்லாம் வேண்டாமோ அதெல்லாம் உள்ளே வந்துவிடும். ட்ரைபாடின் ஒரு கால், தங்கையின் கட்டைவிரல், குளியலறை வாளி. அப்புறம், இடது ஓரத்தில், நான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டிருந்த என்னை அந்த லென்ஸ் இழுத்து நீட்டி, அறைக்குள் பாதித் தூரம் நடந்து வந்துவிட்ட மாதிரி காட்டியது.

அப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவால்லையே. படத்துல மட்டும் ரெண்டடி உள்ள வந்துட்டான்" என்றார்.

[இந்த வாக்கியத்தை மூன்று வரைவுகளில் வெட்டினேன். மூன்று முறையும் தங்கை திரும்பச் சேர்த்துவிட்டாள். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிஷம், வாசலில் நின்றபடி. என் வருகை அப்படித்தான். முட்டி வலி எப்படி இருக்கு, மாத்திரை இருக்கா, சரி கிளம்பறேன்.]

"அண்ணா, கொஞ்சம் நகரு" என்றாள் தங்கை. நகர்ந்தேன். அப்போதும் முழங்கை வந்தது.

5

வாசலை ஒட்டிய சமையலறையிலிருந்து தலையை நீட்டி அவள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "பழைய லென்ஸ்லயே எடுத்துடறேன். லைட்டைப் போடாம, கோணல்மாணலா. ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்."

"நானும் சின்ன வீடு, இருட்டுன்னு எழுதிடறேன்" என்றேன். கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

"காது கேக்குது" என்றது அறையிலிருந்து அப்பாவின் குரல். அந்த வீட்டில் ரகசியத்துக்கும் இடம் கிடையாது. "மத்தவங்க வீட்டைப் பெருசாக் காட்டுவீங்க, நம்ம வீட்டைச் சின்னதாக் காட்டுவீங்க. ரெண்டும் வேலியைத் தள்றதுதான்."

"அப்ப என்னப்பா பண்றது? நல்லா எடுத்தா அடுத்த வாரம் நாம தெருவுல நிக்கணும்" என்றாள்.

"இருக்கறதை எடு" என்றார். தலையணைக்கு அடியிலிருந்து தோல் உறை போட்ட இரும்பு டேப்பை எடுத்தார். (தலையணைக்கு அடியில் டேப் வைத்துத் தூங்குகிறவரை நான் கற்பனை செய்ய முடியுமா? யோசித்துப் பாருங்கள்.) சுவருக்குச் சுவர் தரையில் அதை விரித்துப் போடச் சொன்னார். தங்கை போட்டாள். பிறகு மெதுவாக எழுந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேமராவிடம் வந்தார்.

"இந்த வளையத்தைத் திருகினா என்ன ஆகும்?"

"அதான் ஜூம். பத்துலேர்ந்து இருபது வரைக்கும் போகும்."

"அதாவது பொய்யை நாமளே கூட்டிக் குறைச்சுக்கலாம்."

"அப்படியும் சொல்லலாம்."

திருகினார். திரையைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். பஸ் திரும்பும் மண்டபம் மெல்ல மெல்லச் சுருங்கியது. கட்டில் பக்கத்தில் வந்தது. ஓரத்தில் நான் காணாமல் போனேன். "போதும். இதான் வீடு" என்று விரலை எடுத்தார். தங்கை குனிந்து எண்ணைப் படித்தாள். பதினேழு.

[அறை நிஜமாகத் தெரிவது லென்ஸின் எண்ணை மட்டும் பொறுத்தது அல்ல, படத்தைப் பார்க்கும் தூரத்தையும் பொறுத்தது என்று விவரம் தெரிந்தவர்கள் கடிதம் எழுதுவார்கள். என் அப்பாவின் முகவரிக்கு எழுதவும். முகவரி மாறலாம்.]

அந்தப் படத்தைத்தான் விளம்பரத்துக்கு அனுப்பினாள். திங்கட்கிழமை பதினாறு-முப்பத்தைந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பத்து-இருபதை வாங்கினாள். ஏன் என்று கட்டுரைக்காகக் கேட்டேன். "எப்படியும் விசாலத்துக்குப் பத்து வேணும். எனக்குப் பதினேழு வேணும். ரெண்டும் இதுலதான் இருக்கு" என்றாள். கட்டுரை கேட்ட ஆசிரியர் இந்த ஒரு பத்தியை வெட்டி எடுத்துப் போட்டுக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வாசகம் என் பொறுப்பு. அப்பா கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல, வாசலில் நின்றபடியே எழுதினேன்: 'எட்டடி அகலம், பத்தடி நீளம். கட்டில் போட்டது போக நடக்க இரண்டரை அடி. லிப்ட் இல்லை, ஐம்பத்து நான்கு படி. மழை பெய்தால் சன்னலுக்குக் கீழே ஒரு வாளி தேவைப்படும். தண்ணீர் எப்போதும் வரும்.' விசாலம் விடுமுறையில் இருந்தார். அதனால் வெளியானது.

இதைப் படித்துவிட்டு எவன் வருவான் என்று நானும் தங்கையும் நிம்மதியாக இருந்தோம். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டோம். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் பதினோரு அழைப்பு. விசாலமான ஹால்களைத் தேடிப் போய்ப் போய் வயிறெரிந்த ஜனங்கள், தரையில் டேப் கிடக்கும் ஒரு படத்தைப் பார்த்ததும் ஓடிவந்துவிட்டார்கள். "பொய் சொல்லாத வீடு இது ஒண்ணுதாங்க" என்று ஒருத்தர் போனில் தழுதழுத்தாராம். விடுமுறையிலிருந்து திரும்பிய விசாலம், இனி எல்லாப் படத்திலும் டேப் வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அப்பாவுக்கு இது முன்னாடியே தெரிந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டால் முட்டியைத் தடவிக்கொள்கிறார்.

6

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று இதுவரை சொல்லவில்லை.

என் வீட்டில் ஹாலை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. மேசை, நாற்காலி, திரும்பி வந்த கதைகள் நிறைந்த மூன்று அட்டைப்பெட்டி. நல்ல சன்னல், இளவெயில்கூட விழும். முதல் தொடக்கத்தில் வந்த வெயில் இங்கேயிருந்து திருடியதுதான். கட்டடத்தில் லிப்ட் உண்டு. என் மனைவி இரண்டு முறை சொல்லிவிட்டாள். "மாமாவையும் உங்க தங்கச்சியையும் இங்க கூட்டிட்டு வந்துடலாமே. ரூம் சும்மாதானே கிடக்கு."

சும்மா கிடக்கவில்லை, நான் எழுதுகிறேன் என்றேன். அப்படிச் சொன்ன பிறகு எழுதித்தானே ஆக வேண்டும். அறுநூறு சொல்லில் முடிய வேண்டியது இவ்வளவு நீண்டதற்குக் காரணம் கலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறையைக் காலி செய்யாமல் இருக்கத்தான் எழுதிக்கொண்டே போகிறேன் என்று நேற்று புரிந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

7

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அ) பதினோரு பேரில் ஒருவரும் நேரில் வரவில்லை. ஐம்பத்து நான்கு படி அவர்களை வென்றுவிட்டது. தங்கையும் அப்பாவும் அங்கேயே

ஆ) வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்க்கிறார். தன் வீட்டின் எளிமை அவர் நெஞ்சைத் தொட, பழைய வாடகையே போதுமென்று

[தொடாது. நான் அவரிடம் பேசிப் பார்த்தேன்.]

இ) வீடு பார்க்க வருகிறவர், அப்பா ஒரு காலத்தில் நியாயமாக அளந்துகொடுத்த நிலத்தின் சொந்தக்காரர். கண்ணீர் மல்க, தன் வீட்டு மாடியில் ஒரு பகுதியை

[இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.]

8

புதன்கிழமை மூன்றரை மணிக்கு இந்தத் தாள்களோடு போனேன். வீடு பார்க்க முதல் ஆள் நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. வாசலில் நின்றபடியே தாள்களைத் தங்கையிடம் நீட்டினேன். அவள் சத்தமாகப் படித்தாள். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். அலமாரிக் கதை வந்ததும் சிரித்தார். பஸ் திரும்பும் இடத்தில், "நான் அவ்ளோ கோபமாவா சொன்னேன்?" என்றார்.

படித்து முடித்ததும் தங்கை தாள்களைத் திருப்பிப் பார்த்தாள். "அஞ்சுக்கு அப்புறம் ஏழு போட்டிருக்கு. ஆறு எங்க?"

"இன்னும் எழுதல."

"மூணு முடிவு எழுதியிருக்க. ஒண்ணுலயும் நீ இல்ல. பத்துல வச்சா ஒதுங்கி நின்னாலும் முழங்கை வர்ற ஆளு, முடிவுல மட்டும் எப்படிண்ணா மொத்தமாக் காணாமப் போற?"

கதைக்கு அது தேவைப்படவில்லை என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தேன்.

"ஒம்பதுக்குப் பதினொண்ணு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"எதுப்பா?"

"உன் ரூம். போன தடவ வந்தப்ப நடந்து பாத்தேன். சன்னல்கிட்ட சுவர் ஒரு அடி உள்வாங்கியிருக்கு. கட்டில் அங்க கச்சிதமா உக்காரும்." முட்டியைத் தடவிக்கொண்டார். "நான் எதுவும் கேக்கலடா. அளவைச் சொன்னேன்."

போன தடவை அவர் என் வீட்டுக்கு வந்தது எட்டு மாதத்துக்கு முன்னால். வீட்டுக்காரர் வாடகையைப் பற்றி வாயே திறக்காத காலம். எட்டு மாதமாக அந்த அளவைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் மட்டும் ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த ஆறாம் பகுதியை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தேன்.

அவள் அதைப் பிரிப்பதற்குள் படியில் காலடிச் சத்தம்.

வந்தது நீங்கள்தான். ஐம்பத்து நான்கு படி ஏறியதில் மூச்சு வாங்குகிறது. கையில் போன், அதில் பதினேழில் எடுத்த படம். வாசலில் நான் நின்றுகொண்டிருப்பதால் உங்களால் உள்ளே வர முடியவில்லை. உங்களுக்கு வழிவிட வேண்டுமென்றால் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். போகிறேன். போய்க் கட்டிலில் அப்பா பக்கத்தில் உட்காருகிறேன். வேறு இடம் இல்லை.

வீடு பிடித்திருக்கிறது என்று நீங்கள் சொன்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நான் இன்றைக்கே வேறு இடம் பார்க்க வேண்டும். சின்னதாக இருக்கிறது என்று சொன்னால், இந்தக் கதையை இன்னும் ஆறு மாதம் எழுதிக்கொண்டிருக்கலாம். நான் எதை விரும்புகிறேன் என்று கேட்காதீர்கள். நேற்று வரைக்கும் தெரிந்திருந்தது.

தங்கை சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்து உங்களுக்கு முன்னால் போடுகிறாள். அப்பா டேப்பின் நுனியை உங்கள் பக்கம் நீட்டுகிறார்.

"படத்தை நம்பாதீங்க. இந்த முனைய அந்தச் சுவரோட ஒட்டிப் பிடிங்க. தொய்யாம பிடிங்க. ம், இப்ப எவ்வளவுன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க."